காருக்கு வந்த மூக்கடைப்பு

எழுபதுகளின் தொடக்கம் அது. வைகாசி வெயில் மண்டையைப் பிளக்கிறது. காரைக்குடியில் ஒரு கண்மாய்க்கரை ஏற்றத்தின் பாதியில், எல் போர்டு கட்டிய பழைய கறுப்புக் காருக்குள் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். வண்டி பொசுக்கென்று அணைந்துவிட்டது. பக்கத்து சீட்டில் லைசென்ஸ் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகும் பிரேக் இன்ஸ்பெக்டர். வெளியே வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். சிரித்து முடிப்பதற்குள் கண்ணும் கலங்கிவிடும்.

முதலில் அந்த வண்டிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். கல்லல் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். விவசாயக் குடும்பம். என் வீட்டுக்காரருக்கு மோட்டார் பைத்தியம். காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டில் ஓடி ஓய்ந்துபோயிருந்த வெளிநாட்டுக் காரைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று நான் நச்சரித்த நச்சரிப்பில், தண்ணீர் வற்றிக் கிடந்த எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் வைத்துக் கொஞ்சம் சொல்லியும் கொடுத்தார். அதற்குள் அவருக்கு மலேசியாவில் வேலை கிடைத்துவிட்டது. மனுஷர் கப்பல் ஏறிவிட்டார். வண்டி மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நின்றது. பின் சீட்டில் கோழி முட்டையிட ஆரம்பித்தது.

ஓட்ட ஆளில்லாத வண்டி எதற்கு என்று மாமா, அதாவது என் மாமனார், முடிவுக்கு வந்தார். சிங்கம்புணரியில் ஒரு கடலை வியாபாரி அதன் மேல் கண் வைத்திருந்தார். அவர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, டயரை ஓர் உதை உதைத்துப் பார்த்தார் பாருங்கள், எனக்கு என்னையே உதைத்த மாதிரி இருந்தது. அவர் போனதும் மாமாவிடம் போய், "நான் ஓட்டுறேன் மாமா, வித்துராதீக" என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. மாமா சிரிக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டே, "லைசென்ஸ் எடுத்துக் காட்டு ஆத்தா. எடுத்துட்டா வண்டி ஒனக்கு. எடுக்கலையா, மறுநாளே கடலைக்காரருக்கு. அப்பறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது" என்றார். ஒரே ஒரு வாய்ப்பு. நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் நின்ற என் அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இவ வண்டி ஓட்டிக்கிட்டு எங்க போகப் போறா?" அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. மாமனாராவது ஒரு வழி விட்டார், மாமியார் அதையும் அடைக்கிறாரே என்று அன்று முழுக்கப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

மிச்சத்தைக் கற்றுக்கொடுக்கக் காரைக்குடியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். நல்ல மனுஷர், ஆனால் வாய் மட்டும் காது வரைக்கும். தான் தொட்ட வண்டி ஒன்றுகூட நடுவழியில் நின்றதில்லை என்பார். அவர் வந்த வண்டியே எங்கள் ஊர் எல்லையில் நின்று, ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்ததை நாங்கள் யாரும் அவரிடம் ஞாபகப்படுத்தவில்லை. வீட்டு மருமகளை வெளி ஆம்பளையோடு தனியாக அனுப்ப முடியாதல்லவா? அதனால் துணைக்கு அத்தை பின் சீட்டில் ஏறுவார். ஏறியதும் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். உதடு மட்டும் என்னத்தையோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். கண்ணாடியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் கோபமாக வரும். இந்த மனுஷி என்னைச் சபிக்கத்தான் கூடவே வருகிறாரோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

சமதரையில் வண்டி ஒழுங்காக ஓடும். ஏற்றம் என்றால் போதும், இருமும், கமறும், மூச்சு முட்டி நின்றுவிடும். பரீட்சையில் கண்மாய்க்கரை ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுத்துக் காட்ட வேண்டும். அதில்தான் பாதிப் பேர் கவிழ்வார்கள் என்று மெக்கானிக் பயமுறுத்தி வைத்திருந்தார். அவரும் பெட்ரோல் குழாயைக் கழற்றினார், பிளக்கைக் கழற்றினார், தேய்த்தார், ஊதினார். ஒவ்வொரு தடவையும், இதுதான் கோளாறு, இனிமேல் பாருங்கள் என்பார். நானும் ஏற்றத்தில் விடுவேன். அது பாதியில் நின்று, வந்த வழியே எங்களைக் கீழே கொண்டுபோய் விட்டுவிடும்.

கடைசியில் ஒருநாள் இஞ்சின் மேல் குடம் மாதிரி உட்கார்ந்திருந்த ஏர் கிளீனரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சும்மா ஏற்றிப் பார்க்கச் சொன்னார். அம்மாடி! உறுமிக்கொண்டு ஒரே மூச்சில் கரை மேல் போய் நின்றது. மெக்கானிக் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். விஷயம் இதுதான்: இஞ்சினுக்குப் பெட்ரோல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். அந்தக் காற்று இந்தக் குடம் வழியாக வடிகட்டித்தான் உள்ளே போகிறது. குளிர் தேசத்துக்காகச் செய்த குடம். அதன் வாய் ஒரு நெல்லிக்காய் நுழையும் அளவுதான் இருந்தது. உள்ளேயோ நம் ஊர்ச் செம்மண் புழுதி எண்ணெயோடு சேர்ந்து களியாகக் கிண்டி வைத்த மாதிரி அப்பிக் கிடந்தது. கழுவிப் போட்டும் பார்த்தார், ஏறவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓட்டலாம் என்றால் புழுதி போய் இஞ்சினைத் தின்றுவிடும்.

"தங்கச்சி, ஒங்க வண்டிக்கு நோயுமில்ல நொடியுமில்ல. வெறும் மூக்கடைப்பு. நல்ல மூக்கா ஒண்ணு மாட்டிவிட்டா பிச்சுக்கிட்டுப் போகும் பாருங்க" என்றார் மெக்கானிக்.

எங்கேயோ உடைத்துப் போட்டிருந்த லாரி ஒன்றிலிருந்து பெரிய ஏர் கிளீனர் ஒன்றைக் கொண்டு வந்தார். வெட்டினார், வளைத்தார், பற்ற வைத்தார். ஒருவழியாக அதை இஞ்சின் மேல் உட்கார வைத்து, பானெட்டும் மூடிவிட்டது. பழையது நெல்லிக்காய் அளவு என்றால் புதிய மூக்கு பால் சொம்பின் வாய் அளவு. யாரும் கேட்காமலே அதற்குச் சிவப்பு பெயிண்ட் வேறு அடித்துவிட்டார். அத்தை மெதுவாக வந்து எட்டிப் பார்த்து, "இது எதுக்குப்பா இப்பிடி வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். மெக்கானிக்குக் கேட்கவா வேண்டும்? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பெரியாத்தா, இந்த வண்டியோட உசுரே இதுக்குள்ளதான் இருக்கு!" என்றார். அத்தை தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

புது மூக்கு வந்ததிலிருந்து வண்டி போன போக்கே வேறு. கரை ஏற்றமெல்லாம் அதற்கு வாசல்படி மாதிரி ஆகிவிட்டது. பாதியில் நிறுத்துவேன், கிளட்சை மெதுவாக விட்டுக்கொண்டே கை பிரேக்கை விடுவேன், ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல் ஜம்மென்று ஏறும். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடலைக்காரர் வேறு வண்டி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

பரீட்சை நாளும் வந்தது. மெக்கானிக் ஓட்ட, மாமா முன்னால், நானும் அத்தையும் பின்னால் என்று காரைக்குடிக்குக் கிளம்பினோம். அத்தை வழக்கம்போலக் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அமராவதிபுதூர் தாண்டும்போது மெக்கானிக், "என்னமோ இழுக்குதே" என்று முனகினார். பின்னால் கறுப்பாகக் கொஞ்சம் புகை போவது மாதிரி எனக்கும் தெரிந்தது. அவரே, நாலு பேர் ஏறியிருக்கோம், அதான் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார். மனசுக்குள் நான் ஏற்கெனவே ஏற்றத்தில் வண்டியை எடுத்துக்கொண்டிருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கண்மாய்க்கரையில் லைசென்ஸுக்கு வந்த ஆட்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாம் ஆம்பளைகள். பாதிப் பேர் லாரி ஓட்டப் போகிறவர்கள். சேலை கட்டிக்கொண்டு நான் போய் நின்றதும், தங்கள் பரீட்சையை மறந்து என் பரீட்சையைப் பார்க்க வந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் கண்டிப்பானவர், வெளியூர்க்காரர். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. ஏறி உட்கார்ந்து, போங்கம்மா என்றார். நேராக ஓட்டினேன். பின்னால் எடுத்தேன். வளையல் குலுங்கக் கையை வெளியே நீட்டி சிக்னல் காட்டினேன். எல்லாம் சரியாகத்தான் போனது.

ஏற்றத்துக்கு வந்தேன். பாதியில் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். எடுக்கச் சொன்னார். கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, லொக்கு லொக்கென்று இருமி, கறுப்பாகப் புகையைக் கக்கிவிட்டு அணைந்துவிட்டது. மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதே இருமல். கூட்டத்தில் எவனோ விசிலடித்தான். பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லம்மா. நல்லா பழகிட்டு அடுத்த மாசம் வாங்க."

அடுத்த மாதமா? எனக்கு நாளை மறுநாளே கிடையாதே! டயரை உதைத்த கடலைக்காரர் நாளைக்கு வந்து, இந்த சீட்டிலேயே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார். துக்கத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. "சார், தப்பு எம்மேல இல்ல. வண்டிக்கு மூக்கடைச்சிருக்கு!" என்று கத்தியே விட்டேன்.

"என்னது அடைச்சிருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர். அவருடைய சர்வீஸில் இப்படி ஒரு காரணத்தை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "நீங்களே தொறந்து பாருங்க சார். அந்த இருமல் எனக்குத் தெரியும்" என்றேன். என்ன நினைத்தாரோ, இறங்கி மெக்கானிக்கைக் கூப்பிட்டு பானெட்டைத் திறக்கச் சொன்னார். மாமாவும் ஏறி வந்துவிட்டார்.

மெக்கானிக் அந்தச் சிவப்பு மூக்குக்குள் கையை விட்டார். விட்ட வேகத்தில் தேள் கொட்டின மாதிரி வெளியே இழுத்துக்கொண்டார். முகம் வெளிறிவிட்டது. மறுபடி இரண்டு விரலை மட்டும் விட்டு மெல்ல எதையோ இழுத்தார். மஞ்சள் துணியில் கட்டிய முடிச்சு ஒன்று. கொழுக்கட்டையைவிடப் பெரிசு. மேலே நூல் சுற்றி, குங்குமம் அப்பி, எண்ணெயில் ஊறிப்போய் இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு அவர் இரண்டடி பின்னால் போனார்.

"அய்யய்யோ, செய்வினைங்க! எவனோ வச்சுட்டான்!"

அவ்வளவுதான். நெருக்கியடித்துக்கொண்டு நின்ற கூட்டம் மளமளவென்று விலகியது. லாரி ஓட்டப் போகிற வீராதி வீரர்களெல்லாம் கரைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டார்கள். அதை எடுக்கக் கையை நீட்டிய இன்ஸ்பெக்டர், நீட்டிய கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். "கடலைக்காரன் வேலையாத்தான் இருக்கும். அன்னைக்கு வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தான்ல! நானும் நெனச்சேன்" என்று குதித்தார். பாவம் அந்த வியாபாரி, சிங்கம்புணரியில் அவருக்கு விக்கலே வந்திருக்கும்.

அப்போதுதான் கீழே புளியமர நிழலிலிருந்து அத்தை வருவதைப் பார்த்தேன். வெளி ஆட்கள் முன்னால் வாயே திறக்காதவர். அவருக்கு மூட்டுவலி வேறு. தொடையில் கையை ஊன்றி ஊன்றி அந்த ஏற்றத்தில் ஏறி வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து குனிந்து, அந்த முடிச்சை எடுத்துத் தூசியைத் தட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"செய்வினையுமில்ல, ஒண்ணுமில்ல. இது நான் நேந்து முடிஞ்ச காசு. குன்றக்குடி முருகனுக்கு."

மாமா வாயைப் பிளந்தார். "என்னத்துக்கு?"

"எம் மருமகளுக்கு லைசென்சு கெடைக்கணும்னுதான். காலையில வண்டி மூடி தொறந்து கெடந்துச்சு, தலைக்கு ஊத்திட்டு வந்து நாந்தான் உள்ள வச்சேன்."

"அதுக்கு இதைக் கொண்டுபோயி இதுக்குள்ளயா வைப்ப?"

"இந்தத் தம்பிதானே சொன்னாப்ல, வண்டியோட உசுரே அதுக்குள்ளதான் இருக்குன்னு? சாமி காசை வேற எங்குட்டு வைக்கச் சொல்றீக?"

மெக்கானிக் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்துவிட்டார். பழைய மூக்காக இருந்திருந்தால் அத்தையின் முடிச்சு உள்ளே போயே இருக்காது. பால் சொம்பு அளவுக்கு வாயைத் திறந்துவிட்டு, உயிர் இருக்கும் இடமென்று வழியும் காட்டிக்கொடுத்தது நாங்கள்தான்!

மாமாவுக்கு மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. "இவ வண்டி ஓட்டுறதே ஒனக்குப் புடிக்கலையே. எங்க போகப் போறான்னு அன்னைக்கு நீதானே கேட்ட?"

அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அத்தனை பேர் முன்னால், சத்தமில்லாமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஆமா, கேட்டேன். என்னையும் கூட்டிக்கிட்டுப் போவாளான்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். கல்யாணமாகி வந்த நாளையிலருந்து மாட்டு வண்டியிலயும் போயிட்டேன், பஸ்லயும் போயிட்டேன், இந்தக் கார்லயும் போயிட்டேன். இவுக எங்க நிறுத்துறாகளோ அங்கதான் எறங்கினேன். இங்க நிறுத்துங்கன்னு ஒரு நாள் வாயத் தொறந்ததில்ல. எம் மருமக ஓட்டினா, நான் சொல்ற எடத்துல நிக்கும்ல?"

மாமா மடித்துக் கட்டிய வேட்டியைத் தானாக அவிழ்த்துவிட்டுக்கொண்டு நின்றார். எனக்குக் கண்ணீர் அருவியாகக் கொட்டியது. பின் சீட்டில் கண்ணை மூடி முணுமுணுத்ததெல்லாம் எனக்காக வேண்டிக்கொண்டதா? கண்ணாடியில் பார்த்துப் பார்த்து நான் பல்லைக் கடித்தேனே!

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பெரியம்மா, அதை நீங்களே பத்திரமா வச்சுக்கங்க. வண்டிக்கு வேண்டாம்" என்றார். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. பிறகு என்னிடம், "கண்ணைத் தொடைச்சுக்கிட்டு ஏறுங்கம்மா. அழுதுக்கிட்டே ஓட்டினா பாஸ் போட மாட்டேன்" என்றார்.

அதே ஏற்றம், அதே இடம். நிறுத்தினேன். எடுத்தேன். ஒரு இருமல் கிடையாது, ஒரு பொட்டுப் புகை கிடையாது. கரை மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். கரைக்கு அந்தப் பக்கம் இறங்கி ஒளிந்த வீரர்களெல்லாம் கை தட்டினார்கள். இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

திரும்பும்போது ஸ்டீயரிங்கில் நான். அத்தையை முன்னால் உட்காரச் சொன்னது யார் என்கிறீர்கள்? மாமாதான். தானே பின்கதவைத் திறந்துகொண்டு மெக்கானிக்கோடு உட்கார்ந்துவிட்டார். முன்னால் உட்கார்ந்த அத்தை கண்ணை மூடவே இல்லை. இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கல்லல் போகும் வழியில் பனங்கூட்டம் ஒன்று வரும். அதன் அடியில் ஒரு அம்மா நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். அத்தை என் பக்கம் சாய்ந்து, காதோடு காதாக, "ஆத்தா, இங்குட்டுச் செத்த நிறுத்துறியா?" என்று கேட்டார்.

நிறுத்தினேன். பின்னாலிருந்து மாமா பதறினார். "என்னத்தா, மறுபடி நின்னுருச்சா?"

"நிக்கல மாமா. நிறுத்தியிருக்கேன்."

அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறார் அத்தை. இந்த இடம் வரும்போதெல்லாம் நாக்கு ஊறுமாம். சொல்லத் தோன்றியதே இல்லையாம். இதைப் போய் எப்படி நிறுத்தச் சொல்வது என்று இருந்துவிடுவாராம். அன்றைக்குப் பனை நிழலில் உட்கார்ந்து, பெருவிரலால் நுங்கைக் குத்தி உறிஞ்சி, முகவாயெல்லாம் வழிய வழியச் சிரித்தார். மாமா கொஞ்ச நேரம் காருக்குள்ளேயே விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவரும் இறங்கி வந்து, "ஏ புள்ள, எனக்கும் ஒண்ணு குத்திக் குடு" என்று அத்தையிடமே கேட்டு வாங்கிக்கொண்டார். மெக்கானிக் எத்தனை சாப்பிட்டார் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

அடுத்த கார்த்திகைக்கு அத்தையை நானே குன்றக்குடிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். முடிந்த காசை முருகன் உண்டியலில் போட்டோம். அதன் பிறகு அத்தை நிறுத்தச் சொன்ன இடங்களை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு கிணற்றடி, ஒரு பழைய தோழி வீடு, சும்மா ஒரு வயல் வரப்பு. ஒரு தடவை எங்கேயும் இல்லாத நடுரோட்டில் நிறுத்தச் சொல்லிவிட்டு, இறங்காமல், "ஒண்ணுமில்ல, நிக்குதான்னு பாத்தேன், போ" என்றார்.

அத்தையும் மாமாவும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கறுப்புக் காரும் எப்போதோ போய்விட்டது. இப்போது என்னிடம் வேறு கார் இருக்கிறது, அதற்கு மூக்கு எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. ஆனால் என் வண்டியில் யார் ஏறினாலும், வழியில் எங்கேயாவது நிறுத்தணுமா என்று கேட்காமல் இன்றுவரை நான் கிளப்பியதில்லை. பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் இரண்டாம் தடவையும் கேட்டுவிடுவேன், ஏனென்றால் கேட்டு வாங்கிப் பழகாதவர்களுக்கு முதல் தடவையிலேயே வாய் வந்துவிடாது என்பதை அந்தக் கண்மாய்க்கரை ஏற்றத்தில் நான் தெரிந்துகொண்டேன்.